தங்கிவிட்டவர்களின் சொல்

ஒரு மொழியின் மனத்தை அறிய விரும்புகிறவர்கள் அதன் பெரிய சொற்களைத் தேடிப் போவதே வழக்கம். அன்பு, அறம், விடுதலை, அருள் என்பன போன்ற சொற்களை எடுத்துவைத்துக்கொண்டு, இன்ன மொழியில் இவற்றிற்கு இன்ன ஆழம் உண்டு என்று வியப்போம். அகராதியைப் புரட்டினாலோ வேறொன்று தெரியவரும். அங்கே பத்தி பத்தியாக இடம்பிடித்து அமர்ந்திருப்பவை சின்னஞ்சிறு வினைச்சொற்களே. தமிழில் ‘கொள்’, ‘விடு’, ‘படு’, ‘போ’, ‘நில்’ ஆகியவற்றைப் பாருங்கள். அடுப்படியிலும் கடைத்தெருவிலும் வயல்வரப்பிலும் நாள்தோறும் புழங்கிப் புழங்கித் தேய்ந்த சொற்கள் இவை. பழைய கோயிலின் தேய்ந்த படிக்கட்டுகளைப் போல, எத்தனை தலைமுறைகள் தங்கள்மேல் ஏறி இறங்கின என்பதை அவை தம் தேய்மானத்தாலேயே சொல்லிவிடுகின்றன.

ஸ்பானிய மொழியில் அப்படித் தேய்ந்த ஒரு சொல்லைப் பற்றியே இங்குச் சிந்திக்க விரும்புகிறோம். ‘கெதார்சே’ என்பது அச்சொல். ‘தங்குதல்’ என்று அதற்குப் பொருள் சொல்லிவிட்டு எளிதாக அப்பால் போய்விடலாம். ஆனால் அந்த மொழியில் ஒரு பக்கம் படித்தாலும், ஒரு வீட்டில் ஒரு மணி நேரம் அமர்ந்து பேச்சைக் கேட்டாலும், அந்த ஒரு பொருளை வைத்துக்கொண்டு கரையேற முடியாது என்பது விளங்கிவிடும்.

பணி ஓய்வுக்குப் பின், புனித சிலுவை அருளப்பரின் பாடல்களை அவர் எழுதிய மொழியிலேயே படிக்க வேண்டும் என்னும் ஆவல் நமக்கு ஏற்பட்டது. ஓர் இலக்கண நூலையும் ஓர் அகராதியையும் துணையாகக் கொண்டு மாலை வேளைகளில் ஸ்பானியம் கற்கப் புகுந்தோம். பெயர்ச்சொற்கள் எளிதில் வசப்பட்டன. வினைச்சொற்களின் திரிபுகளும் மெல்ல மெல்ல நினைவில் படிந்தன. இந்த ஒரு சொல்மட்டும் ஒவ்வொரு பக்கத்திலும் வேறு உடை உடுத்திக்கொண்டு வந்து நின்றது. ஒரு பக்கத்தில் விருந்தினர் தங்கினார். அடுத்த பக்கத்தில் ஒருவர் பார்வையிழந்தார். இன்னொரு பக்கத்தில் ஒருவர் உறங்கிப்போனார். வேறொரு பக்கத்தில் ஒரு பெண் கருவுற்றாள். எல்லாவற்றிற்கும் வினை ஒன்றே!

இதன் வேரைத் தேடினால் இலத்தீனுக்குப் போக வேண்டியிருக்கிறது. அமைதிப்படுத்துதல், இளைப்பாறச் செய்தல் என்னும் பொருளுடைய ‘குயேத்தாரே’ என்ற இலத்தீன் வினையே காலப்போக்கில் ஸ்பானிய ‘கெதார்’ ஆயிற்று. நம்முள் மூத்தவர்கள் இலத்தீன் திருப்பலிக் காலத்தில் கேட்டுப் பழகிய ‘ரெக்குவியெம்’ என்ற சொல்லும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆக, ‘தங்குதல்’ என்ற பொருளுக்கு முன்னமே இச்சொல்லுக்குள் ‘அடங்கி இளைப்பாறுதல்’ என்ற பொருள் குடியிருந்தது. ஓடிக்கொண்டிருந்த ஒன்று ஓய்ந்து, ஒரு நிலையில் நிற்பதே அதன் முதல் ஓவியம்.

அந்த வேரோடு ‘சே’ என்னும் சிறு ஒட்டு சேரும்போது அது தற்சுட்டு வினையாகிறது. நான் என்றால் ‘மே கெதோ’, நீ என்றால் ‘தே கெதாஸ்’, அவன் அல்லது அவள் என்றால் ‘சே கெதா’. செயல் வெளியே போகாமல், செய்தவரிடமே திரும்பி வந்து அமர்வதை இந்த ஒட்டு காட்டுகிறது. தமிழருக்கு இது முற்றிலும் புதியதன்று. ‘வைத்தான்’ என்பதற்கும் ‘வைத்துக்கொண்டான்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை நம் குழந்தைகளும் அறியும். ‘கொள்’ வந்துவிட்டால் பொருள் தன் பக்கம் திரும்பிவிடுகிறது. ஸ்பானியர் ஒட்டை வைத்துச் செய்வதை நாம் துணைவினையை வைத்துச் செய்கிறோம்.

ஒட்டு இல்லாத வெறும் ‘கெதார்’ என்பதற்கும் பல வேலைகள் உண்டு. விழாவுக்கு மூன்று நாள் மிச்சமிருக்கிறது என்பதற்கும், ஊர் தொலைவில் உள்ளது என்பதற்கும், சட்டை உடலுக்குப் பொருந்துகிறது என்பதற்கும், ஐந்து மணிக்குச் சந்திப்பதாக இருவர் பேசி முடிவுசெய்வதற்கும் அதுவே போதும். ஒட்டு சேர்ந்த பிறகுதான் சொல்லுக்குள் மனிதர் வந்து நுழைகிறார். இடமும் கணக்கும் பின்னுக்குப் போய், ஒருவருக்கு நேர்ந்தது என்ன என்பது முன்னுக்கு வருகிறது.

அதன் மிக இனிய பயன் விருந்தோம்பலில் உள்ளது. வீட்டுக்கு வந்தவர் எழுந்து விடைபெறும்போது, ‘சாப்பிட்டுவிட்டுப் போகலாமே, இருங்கள்’ என்று நாம் சொல்கிறோம். அந்த ‘இருங்கள்’ என்பதற்கு ஸ்பானிய வீட்டில் ‘கெதத்தே’ என்பார்கள். கடையில் பல துணிகளைப் புரட்டிப் பார்த்தபின் ஒன்றைத் தேர்ந்து, ‘இதை எடுத்துக்கொள்கிறேன்’ என்பதற்கும் இந்த வினையே வரும். பரிமாறியவரிடம் ‘மீதிச் சில்லறையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்’ என்பதற்கும் அதுவே. ஒருவருடைய முகத்தை மனத்தில் பதித்துக்கொண்டேன் என்பதையும் ‘அவர் முகத்தோடு தங்கினேன்’ என்றே சொல்வார்கள். இவை அனைத்திலும் வினைக்குப்பின் ‘கோன்’ என்ற உருபு வரும். நம் ‘ஓடு’ உருபைப் போன்றது அது. ‘ஒன்றோடு தங்குதல்’ என்றால் அதைத் தனதாக்கிக்கொள்ளுதல்.

இனி, இதன் மறுபக்கத்தைப் பார்ப்போம். ‘ஆதல்’ என்பதற்கு ஸ்பானியத்தில் தனி ஒரு சொல் கிடையாது. மாற்றத்தின் தன்மையைப் பார்த்து வினையைத் தேர்ந்தாக வேண்டும். முகம் சிவப்பது, பதற்றம் கொள்வது போன்ற வந்து போகும் மாற்றங்களுக்கு ‘போனெர்சே’. முயன்றோ விரும்பியோ படிப்படியாகவோ ஒன்றாக ஆவதற்கு ‘ஆசெர்சே’; மருத்துவராவதும் துறவியாவதும் முதுமையடைவதும் இதில் அடங்கும். மனம் பேதலித்தல் போன்று இயல்பே திரும்பிவிடும் மாற்றத்திற்கு ‘வொல்வெர்சே’. ஒரு நிகழ்வு வந்து அடித்துவிட்டுப் போனபின், அந்த இடத்தில் மனிதர் எந்த நிலையில் எஞ்சி நிற்கிறார் என்பதைச் சொல்வதற்கே ‘கெதார்சே’.

ஆகையால் ஒரு பெண் கைம்பெண் ஆனாள் என்பதை ஸ்பானியர் ‘கைம்பெண்ணாய்த் தங்கினாள்’ என்பர். குழந்தை அநாதையாய்த் தங்கிற்று. முதியவர் செவிடராய்த் தங்கினார். விபத்துக்குப்பின் ஒருவர் பார்வையற்றவராய்த் தங்கினார். ‘சின்’ என்னும் உருபு சேர்ந்தால், அது ‘இல்லாமல்’ என்று பொருள்படும். வேலையில்லாமல் தங்கினான், பணமில்லாமல் தங்கினோம், பேச்சில்லாமல் தங்கினார்கள். வேலை போயிற்று, பணம் தீர்ந்துபோயிற்று, வாயடைத்துப்போனார்கள் என்று நாம் சொல்லும் இடங்கள் இவை.

இங்கேதான் நம் பேனா நின்றுவிட்டது. தமிழில் இழப்பைச் சொல்ல வரும்போது நம் நாவுக்கு முதலில் வருவது ‘போ’ என்னும் வினை. பார்வை போயிற்று. மானம் போயிற்று. பயிர் கருகிப்போயிற்று. உடல் மெலிந்துபோனது. திகைத்துப்போனான், உறைந்துபோனான், இடிந்துபோனான். நம் கண் எதன்மேல் பதிகிறது? கையைவிட்டு நழுவி, தெருக்கோடியில் மறைந்துகொண்டிருக்கும் பொருளின்மேல் பதிகிறது. ஸ்பானியத்திலோ அதே நிகழ்ச்சியில் கண் வாசலில் நிற்கிறவர்மேல் பதிகிறது. போனது போய்விட்டது, இவர் தங்கியிருக்கிறார், எப்படித் தங்கியிருக்கிறார் என்று அம்மொழி கேட்கிறது. ஒரே துயரத்தை இரண்டு மொழிகள் இரண்டு பக்கத்திலிருந்து பார்க்கின்றன.

தமிழுக்கு அந்தப் பார்வை அறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ‘நிராதரவாய் நின்றாள்’, ‘செய்வதறியாது நின்றான்’ என்னும்போது நம் ‘நில்’ என்ற வினையும் அதே வாசலுக்கு வந்து சேர்கிறது. அதுபோலவே ஸ்பானியரும் இறந்தவரைப் பற்றி ‘போய்விட்டார்’ என்று சொல்வதுண்டு. வினைச்சொல் ஒன்று ஆறுதல் தந்துவிடும் என்றும் நாம் மயங்க வேண்டியதில்லை. வேலையிழந்த தொழிலாளிக்கு எந்த மொழியில் சொன்னாலும் அடுப்பு எரியாது. ஆயினும் ஒரு சமூகம் நூற்றாண்டுகளாகத் தன் துயரங்களை எந்த வினையில் போட்டுச் சொல்லிவந்திருக்கிறது என்பதைக் கவனித்தால், நம் துயரத்தையும் ஒருமுறை திருப்பிப் பார்க்கத் தோன்றுகிறது.

எல்லாப் பயன்களும் துயரமானவை அல்ல. நாற்காலியில் சாய்ந்தபடி கண்ணயர்ந்தவர் ‘உறங்கினவராய்த் தங்கினார்’. தேர்வு மண்டபத்தில் படித்தது யாவும் மறந்த மாணவன் ‘வெள்ளையில் தங்கினான்’. அதிர்ந்தவர் ‘கல்லாய்த் தங்கினார்’. வியந்தவர் ‘திறந்த வாயோடு தங்கினார்’. மெலிந்தவர் ‘எலும்பில் தங்கினார்’. ஆசைப்பட்டது கிடைக்காதவர் ‘ஆசையோடு தங்கினார்’. தகாத ஒன்றைச் சொல்லிவிட்டும் சற்றும் கூசாமல் இருப்பவர் ‘அவ்வளவு அகலமாய்த் தங்கினார்’! கையில் காசில்லாதவர் ‘இரண்டு மெழுகுவர்த்திகளில் தங்கினார்’ என்ற தொடருக்கு ஒரு விளக்கம் கோயிலிலிருந்தே வருகிறது: வழிபாடு முடிந்து எல்லாத் திரிகளையும் அணைத்தபின், நற்கருணைப் பேழையருகே இரண்டுமட்டும் எரிந்துகொண்டிருக்குமாம்.

கோயிலிலிருந்து வந்த இன்னொரு தொடர் நம்மைச் சுடுகிறது. மணமாகாமல் வயது கடந்த பெண்ணை ‘புனிதர்களுக்கு உடை உடுத்தத் தங்கினாள்’ என்பார்கள். திருச்சுரூபங்களுக்குப் பட்டு உடுத்தி, சரிகை தைத்து, திருவிழாவுக்கு முன் மாலை சூட்டும் பணியைக் குடும்பப் பொறுப்பில்லாத பெண்களே செய்வார்கள் என்பதிலிருந்து பிறந்த ஏளனம் அது. நம் பங்குகளிலும் இப்படிப்பட்ட பெண்களை நாம் அறிவோம். பீடத்துணிகள் வெளுப்பதும் மலர் அடுக்குவதும் மறைக்கல்வி வகுப்பில் சிறுவரைக் கட்டி மேய்ப்பதும் அவர்களே. விழா நாளில் எல்லாரும் சுரூபத்தின் அழகைப் புகழ்வோம். உடுத்திய கையை யாரும் கேட்பதில்லை. ‘தங்கிவிட்டாள்’ என்ற சொல்லில் இரக்கத்தைப் போலவே இளக்காரமும் ஒளிந்துகொள்ளும் என்பதற்கு இத்தொடர் சான்று. அவள் ஏன் தங்கினாள், எதற்காகத் தங்கினாள் என்று கேட்காமல், யாராலும் எடுத்துச் செல்லப்படாததால் தங்கிய பண்டமாக அவளை அது கருதுகிறது.

எங்கள் தந்தையார் மறைந்தபோது எங்கள் தாயாருக்கு வயது முப்பத்தெட்டு. பிள்ளைகள் நால்வர். ‘எல்லாம் போச்சே’ என்று உறவினர் அழுததை நாங்கள் கேட்டோம். ஊரும் அப்படியே பேசிற்று. அதன்பின் தாயார் நாற்பத்தோராண்டுகள் வாழ்ந்தார். காலையில் இட்லி அவித்து விற்றார். மாலையில் பாய்க்கு ஓரம் தைத்தார். எங்கள் நால்வரையும் படிக்கவைத்தார். அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாங்களும் ‘அப்பா போன பிறகு’ என்றே தொடங்குவோம். அவருடைய வாழ்வின் பெரும்பகுதியை எங்கள் பேச்சு ஓர் இல்லாமையின் பின்குறிப்பாகவே வைத்திருந்தது. ஸ்பானிய இலக்கணப் புத்தகத்தில் ‘கைம்பெண்ணாய்த் தங்கினாள்’ என்ற எடுத்துக்காட்டைப் படித்த மாலையில், அந்த நாற்பத்தோராண்டுகளுக்கு ஒரு வினைச்சொல் கிடைத்தது. அவர் தங்கினார். நால்வரோடு தங்கினார். அது ஒரு செயல். ஒவ்வொரு விடியலிலும் மீண்டும் செய்யப்பட்ட செயல்.

இந்தச் சொல்லின் எடையைத் தனிமனிதர் மட்டுமன்றி ஊர்களும் சுமந்திருக்கின்றன. 1950களிலும் 1960களிலும் ஸ்பெயினின் சிற்றூர்களிலிருந்து மக்கள் மத்ரித், பார்சலோனா, பில்பாவோ நகரங்களுக்கும், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, பிரான்சு நாடுகளுக்கும் பிழைப்புத் தேடிப் பெருந்திரளாய்ப் போயினர். ஊர்களில் மக்கள் இருவகையாயினர்: போனவர்கள், தங்கியவர்கள். தெருவேல் மாநிலத்தில் இன்றும் சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 9 பேரே வாழ்கின்றனர். 1988இல் ஹூலியோ யமாசாரெஸ் எழுதிய ‘மஞ்சள் மழை’ என்னும் நாவல், பிரனே மலையில் உள்ள அய்னியெல்யே என்ற ஊரின் கடைசி மனிதன் பேசுவதாக அமைந்தது. அண்டை அயலார் ஒவ்வொருவராய்ப் போக, வீடுகள் ஒவ்வொன்றாய் இடிய, அவன் ஒருவனே தங்குகிறான். அய்னியெல்யே கற்பனை ஊரன்று; ஆளில்லாமல் இடிந்து கிடக்கும் உண்மை ஊர். 2019ஆம் ஆண்டு மார்ச் 31 அன்று, இப்படி வெறுமையாக்கப்பட்ட பகுதிகளின் மக்கள் மத்ரித் நகரில் பெரும் பேரணி நடத்தினர். தொடர்வண்டியும் மருத்துவமனையும் பள்ளியும் வேண்டும் என்றனர். தங்குவதற்கு விருப்பம்மட்டும் போதாது, வசதியும் வேண்டும் என்பதே அவர்களின் முறையீட்டின் சாரம்.

கடல் கடந்து கியூபாவுக்குப் போனால் அதே சொல் தலைகீழாய் நிற்கிறது. 1959ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின்வந்த பத்தாண்டுகளில், விளையாட்டுக் குழுவோடோ இசைக்குழுவோடோ அரசு அலுவலாகவோ வெளிநாடு சென்று, நாடு திரும்பாமல் அங்கேயே இருந்துவிட்டவரை ‘சே கெதோ’, அதாவது ‘தங்கிவிட்டார்’ என்று சொல்வது வழக்கமாயிற்று. ஹவானாவில் காத்திருந்த தாய்க்கு, ‘மகன் தங்கிவிட்டான்’ என்பதன் பொருள் ‘மகன் போய்விட்டான்’ என்பதே! ஒருவர் ஓரிடத்தில் தங்கும்போது இன்னோரிடத்தில் ஒரு நாற்காலி வெறுமையாகிறது என்னும் உண்மையை இதைவிடச் சுருக்கமாக யார் சொல்லிவிட முடியும்? வளைகுடா நாடுகளிலும் கனடாவிலும் பிள்ளைகள் ‘அங்கேயே செட்டிலாகிவிட்டார்கள்’ என்று சொல்லும் பெற்றோருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

2020ஆம் ஆண்டு மார்ச் 14 அன்று, கொரோனாப் பெருந்தொற்றை முன்னிட்டு ஸ்பெயினில் அவசர நிலை அறிவிக்கப்பட்டது. அன்றுமுதல் ‘வீட்டிலேயே தங்கு’ என்னும் வேண்டுகோள் இதே வினையில் நாடெங்கும் ஒலித்தது. ‘நான் வீட்டில் தங்குகிறேன்’ என்று மக்கள் சன்னல்களில் எழுதி ஒட்டினர். மாலை எட்டு மணிக்கு மாடி முகப்புகளில் நின்று மருத்துவப் பணியாளர்களுக்காகக் கைதட்டினர். அதே ஆண்டு அக்டோபரில் இரவு ஊரடங்கு வந்தபோது அதன் பெயரிலும் இந்த வேர் இருந்தது. ஊரடங்கை அவர்கள் ‘தோக்கே தே கெதா’, அதாவது ‘அடங்கித் தங்குவதற்கான மணியோசை’ என்பர். ஒருவரை ஒருவர் காப்பதற்காகத் தங்கிய காலம் அது.

அந்த வினையின் மற்றைய உருபும் உடன் வந்தது. மார்ச் மாத இறுதியில் பிறந்த ஆணையின்படி, அடக்கச் சடங்குக்கு உறவினர் மூவருக்கு மேல் கூடக் கூடாது. இறந்தவர் அருகில் விழித்திருக்கும் வழக்கமும் தடைபட்டது. மருத்துவமனைக்குள் போன தந்தையை மறுபடி காணாமலே பலர் ‘விடைகொடுக்க இயலாமல் தங்கினர்’. ‘வீட்டில் தங்கு’ என்ற அதே வினைதான் இதுவும். ஒரே ஆண்டில், ஒரே நாட்டில், ஒரே சொல் கடமையாகவும் காயமாகவும் இருந்தது. நம் ஊர்களிலும் அந்நாள்களில் கல்லறை வாயிலுக்கு வெளியே நின்றவர்கள் உண்டு. அவர்களின் நெஞ்சில் ஆறாமல் கிடப்பது இறப்பு மட்டுமன்று, கொடுக்கப்படாத விடையும்தான்.

இறப்பையும் இந்த வினை தொடாமல் விடவில்லை. நோவின்றி, முகம் சுளியாமல், உறக்கத்திலேயே உயிர் நீத்தவரை ‘ஒரு சின்னஞ்சிறு பறவையைப்போலத் தங்கினார்’ என்பார்கள். இறந்தவர்கூடப் போகவில்லை, தங்கினார் என்று சொல்லும் இந்த ஓரிடத்தில், சொல் தன் பழைய இலத்தீன் வீட்டுக்கே திரும்பிவிடுகிறது. இளைப்பாறுதலே அதன் பிறப்பிடம் அல்லவா? அமைதியில் இளைப்பாறுக என்று நாம் கல்லறைகளில் பொறிக்கும் விருப்பமும் அந்தக் குடும்பத்துச் சொல்லால் ஆனதே.

நாம் ஸ்பானியம் கற்க முற்பட்ட நோக்கத்துக்கு வருவோம். சிலுவை அருளப்பர் 1542இல் பொந்திவெரோஸ் என்ற சிற்றூரில் பிறந்தார். அவர் சிறு குழந்தையாயிருந்தபோதே தந்தையார் இறந்தார். தாயார் கத்தலீனா அல்வாரெஸ் ஏழை நெசவுப் பெண். மூன்று ஆண்மக்களோடு கைம்பெண்ணாய்த் தங்கினார். அவர்களுள் ஒருவன் இளமையிலேயே இறந்தான். பிழைப்புத் தேடி ஊர் விட்டு ஊர் பெயர்ந்து, கடைசியில் மெதீனா தெல் காம்போ என்னும் வணிக நகரை அடைந்தார். ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளியில் மகனைச் சேர்த்தார். அந்த மகன் பின்னாளில் கார்மேல் துறவியானார். 1577ஆம் ஆண்டு டிசம்பரில் தம் சபையினராலேயே சிறைப்பிடிக்கப்பட்டு, தொலேதோ நகரின் இருட்டறையில் அடைபட்டு, மறு ஆண்டு ஆகஸ்டில் தப்பினார். அவருடைய ‘இருண்ட இரவு’ பாடலுக்கு எட்டுச் சரணங்கள். வீட்டைவிட்டு இரவில் புறப்பட்டுப் போவதில் தொடங்குகிறது பாடல். கடைசிச் சரணத்தின் முதற்சொல் எது தெரியுமா? நம் வினையின் இறந்தகாலத் தன்மை வடிவம்: ‘கெதேமே’. தங்கினேன்! புறப்பாட்டில் தொடங்கிய பயணம் ஒரு தங்குதலில் முடிகிறது. அதுவரை நாம் கண்ட கைம்மையும் வறுமையும் வெறுமையும் சுமந்த அதே சாதாரணச் சொல்லையே, ஆன்மா இறைவனிடம் அமைதியுறும் கணத்துக்கு அவர் தேர்ந்தார். தாயின் கதையைச் சொன்ன வினையிலேயே மகன் தன் பேரின்பத்தையும் சொன்னார்.

எம்மாவுக்குப் போகும் வழியில் இரு சீடர்கள் முன்பின் அறியாத வழிப்போக்கரைத் தங்களோடு தங்குமாறு வேண்டியதை லூக்கா நற்செய்தி கூறுகிறது. ஸ்பானிய விவிலியத்தில் அந்த வேண்டுதல் ‘கெதத்தே’ என்றே தொடங்குகிறது. சோற்றுவேளையில் எழுந்துபோகும் விருந்தினரிடம் அடுப்படியிலிருந்து சொல்லும் அதே சொல். அவர் தங்க இசைந்து உள்ளே போனார். பந்தியில் அப்பத்தைப் பிட்டார். அவர்கள் கண்டுகொண்ட அந்நொடியில் மறைந்தார். வினையின் இரண்டு உருபுகளையும் இங்கே வைத்துப் பாருங்கள். சீடர்கள் அவர் உருவம் இல்லாமல் தங்கினர். அவர் பிட்ட அப்பத்தோடும் எரியும் நெஞ்சோடும் தங்கினர். அப்படித் தங்கியவர்கள் மூலையில் முடங்கவில்லை. இரவென்றும் பாராமல் எழுந்து எருசலேமுக்கு நடந்தனர்.

‘இல்லாமல் தங்குதல்’, ‘ஒன்றோடு தங்குதல்’ என்று இலக்கணப் புத்தகம் இவற்றை இரண்டு எண்களிட்டுத் தனித்தனியே வைக்கிறது. வாழ்க்கையில் அவை பெரும்பாலும் ஒரே வாசற்படியில் நிற்கின்றன. இழந்தவரைத் தேற்றப் போகும்போது, போனதைப் பற்றியே பேசி அழுதுவிட்டு வருகிறோம், அதுவும் வேண்டியதுதான். அடுத்தமுறை போகும்போது, எஞ்சி நிற்கிறவரைப் பார்த்து, இப்போது உன்னோடு இருப்பது என்ன, நாங்கள் இன்னும் சிறிது நேரம் இருக்கட்டுமா என்று கேட்டுப் பார்ப்போம். விடைபெற எழுந்த நாம் மீண்டும் அமர்ந்தால், அந்த வீட்டில் ஒரு வினைச்சொல் தன் முழுப்பொருளையும் பெற்றுவிடும்.